பெஞ்சுக்கும் நிழற்குடைக்கும் நடுவே

மாசி மாதம். காலை ஆறரை. காரைக்குடி பழைய பேருந்து நிலையம்.

டவுன் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஓட்டுநர் ஒரு சொம்புத் தண்ணீரை வீசி அடிக்கிறார். நேற்றைய செய்தித்தாளைக் கசக்கித் துடைக்கிறார். நடத்துநர் படியில் உட்கார்ந்து சில்லறையை எண்ணித் தோல்பையில் போடுகிறார். பூக்காரம்மா ஈரச் சாக்கை விரித்து, நடுவில் மல்லிகைப் பந்தை வைக்கிறார்.

எதிரே டீக்கடை. பாய்லர் தலையில் ஆவி. பெஞ்சில் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள். ஒரே தினத்தந்தி. ஒருவர் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கிறார். தலைப்புப் பக்கம் மட்டும் அவரிடமே இருக்கிறது.

பெஞ்சுக்குப் பத்தடி தள்ளி பஸ் நிற்கும் இடம். அங்கே பெண்கள். தூக்குவாளி, கல்லூரிப் பை, கீரைக் கட்டு, சித்தாள் வேலைக்கான சும்மாட்டுத் துணி. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் இளஞ்சிவப்பு வண்ணம் தெரிகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் பையைத் தோள் மாற்றுகிறார்கள்.

மூன்று பேர் நடந்து வருகிறார்கள். அண்ணன் கையில் நீளக் குடை. தங்கை தோளில் மஞ்சப்பை. தங்கையின் கணவர் தலையில் வெளுத்த தொப்பி. மூவருக்கும் அறுபது தாண்டியிருக்கிறது. மூவர் காலிலும் பழகிய செருப்பு.

கானாடுகாத்தான் வரை நடை. நடுவில் கோட்டையூர், பள்ளத்தூர். சுமார் 15 கிலோமீட்டர். வழி நெடுக பஸ் ஓடும் சாலை. முடியாதவர் எந்த நிறுத்தத்திலும் கை நீட்டலாம். நிறுத்தத்துக்கு ஒரு டீ.

“மூணு டீ. ஒண்ணு சக்கரை இல்லாம.”

அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். தொப்பிக்காரர் நிற்கிறார். தங்கை பெஞ்சைப் பார்க்கிறார். பத்தடி தள்ளிப் போய்ப் பெண்களோடு நிற்கிறார். தொப்பிக்காரர் இரண்டு கிளாஸ்களின் விளிம்பை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு அங்கே போகிறார். கிளாஸ் சுடுகிறது. நடை வேகமாகிறது.

தங்கை நின்றபடி குடிக்கிறார். பக்கத்தில் கீரைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“எந்த ஊருக்குப் போகணும்?”

“கானாடுகாத்தான்.”

“இந்த பஸ்தான். ஏறுங்க.”

“நடந்து போறோம்.”

கீரைக்காரம்மா தங்கையின் காலைப் பார்க்கிறார். பஸ் கிளம்புகிறது. படியில் நின்றபடி நடத்துநரும் பார்க்கிறார். இளவயசு. காதோரம் பேனா.

*

கல்லூரிச் சாலை. இரு பக்கமும் மரம். சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள். சிக்ரி வாசலில் காவலாளி பெயரேட்டைத் திறந்து வைக்கிறார்.

அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும்தான் இந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடித்தளம். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் திறப்பு விழா. செட்டியார் 1957-ல் காலமானார். வயது 47.

சுவரோரம் ஒரு தள்ளுவண்டி. இட்லிச் சட்டி. மாணவிகள் நான்கு பேர் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிடுகிறார்கள். ஒருத்தி இடது கையில் கைபேசியை உயர்த்தி எதையோ படிக்கிறாள். சட்னி விரலில் வழிகிறது. அவள் கவனிக்கவில்லை. இங்கே பெஞ்சு கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள்.

மூவரும் கடந்து போகிறார்கள். குடை நுனி தார்ச்சாலையில் தட்டும் சத்தம் சீராக இருக்கிறது.

*

ரயில்வே கேட் மூடியிருக்கிறது.

இரு பக்கமும் வண்டிகள் சேர்கின்றன. பால்கேன் கட்டிய மோட்டார் சைக்கிள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் குழந்தை கேட் கம்பியின் சிவப்புப் பட்டைகளை எண்ணுகிறது. ஒரு ஆட்டோ மட்டும் எஞ்சினை அணைக்கவில்லை.

அதே டவுன் பஸ் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் நிற்கிறது. நடத்துநர் இறங்கிக் கையைக் காலை நீட்டுகிறார். மூவரையும் பார்த்துவிடுகிறார்.

“ஏறலையா?”

“இன்னும் கால் வலிக்கலப்பா.”

ரயில் போகிறது. ஜன்னல்களில் முழங்கைகள். கடைசிப் பெட்டி போன பிறகும் கம்பி உடனே எழும்பவில்லை. எல்லா எஞ்சின்களும் ஒன்றாக உறுமுகின்றன.

*

கோட்டையூர். பேரூராட்சியாக இருந்தது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது அதில் சேர்ந்தது. ஒரு பலகையில் பழைய பெயர். இன்னொரு பலகையில் புதிய பெயர். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆடு சுவரொட்டி தின்கிறது.

நிழற்குடையில் சிமென்ட் திண்டு. மூன்று பெண்கள், ஒரு கைக்குழந்தை. எதிரே ஓட்டுக் கொட்டகையில் டீக்கடை. பெஞ்சில் இரண்டு பெரியவர்கள்.

மாஸ்டர் பால் சட்டியில் கரண்டியை விடுகிறார். ஆடையை ஓரம் தள்ளி, அடியிலிருந்து முகக்கிறார். துணிப்பையில் தூள் கறுத்துக் கனத்திருக்கிறது. பையை ஒருமுறை அழுத்துகிறார். கடைசிச் சொட்டு வரும்வரை பொறுக்கிறார். குவளை மேலே போகிறது, கிளாஸ் கீழே இறங்குகிறது. நடுவில் ஒரு முழ நீளத்துக்கு டீ தொங்குகிறது. கண் டீயில் இல்லை. சாலையில் இருக்கிறது. பஸ் வருகிறதா என்று பார்க்கிறார். பஸ் வந்தால் நாலு டீ கூடப் போகும்.

நுரை கிளாஸ் விளிம்பில் நிற்கிறது. வழியவில்லை.

தங்கை இம்முறை பெஞ்சு வரைக்கும் வருகிறார். உட்காரவில்லை. பெரியவர்களில் ஒருவர் பார்க்கிறார். துண்டை உதறுகிறார். எழுகிறார். பக்கத்தில் இருந்தவரும் எழுகிறார்.

“உக்காருங்க ஆத்தா.”

“நீங்க இருங்கண்ணே. இடம் இருக்கே.”

“இல்ல இல்ல. உக்காருங்க.”

இருவரும் கிளாஸோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். நீள பெஞ்சில் தங்கை மட்டும் உட்கார்ந்திருக்கிறார். டீயைச் சீக்கிரம் குடித்துவிடுகிறார்.

மாஸ்டர் பருப்பு வடை இரண்டைச் செய்தித்தாள் துண்டில் வைத்து நீட்டுகிறார். எண்ணெய் பரவுகிறது. வரி விளம்பரம் ஒன்று மங்கி மறைகிறது.

இந்த ஊரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். பெயர்ப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்த காகிதத்தைச் சேர்த்து வைத்தார். சுமார் 1 லட்சம் உருப்படிகள். 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ் அச்சின் நூற்றாண்டுகளைத் தேடுகிறவர்கள் இன்று அங்கே போகிறார்கள்.

தங்கை வடையைத் தின்று முடிக்கிறார். காகிதத்தை நீவி நான்காக மடிக்கிறார். மஞ்சப்பைக்குள் வைக்கிறார்.

*

கோட்டையூர் தாண்டிய சாலை. செம்மண். தைலமரத் தோப்பு. சீமைக்கருவேலம். நடுவில் தனியாக ஒரு பனை. அறுத்த வயலில் கொக்குகள். கண்மாயில் பாதித் தண்ணீர்.

எதிரே ஒரு மினி லாரி காரைக்குடிப் பக்கம் போகிறது. மேலே ஒரு நிலைக்கதவு கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. பர்மாத் தேக்கு. மேற்கட்டையில் செதுக்கிய கஜலட்சுமி வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் இரண்டு மரத்தூண், ஒரு அண்டா, ஒரு மர உரல். முனீஸ்வரன் கோயில் தெருவில் இதற்கெல்லாம் கடை இருக்கிறது. வாங்குகிறவர்கள் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள்.

அண்ணன் நின்று லாரி மறையும்வரை பார்க்கிறார். அப்புறம் குடையை விரிக்கிறார். வெயில் ஏறிவிட்டது.

“மச்சான், முடியலைன்னா சொல்லுங்க,” என்கிறார் தொப்பிக்காரர்.

“உனக்கு முடியலைன்னு சொல்லு மாப்ளே.”

தங்கை இருவருக்கும் முன்னால் நடக்கிறார்.

*

பள்ளத்தூர். சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கும் ஊர்.

நிழற்குடைக்குள் இடம் இல்லை. பதினைந்து இருபது மாணவிகள் வெளியிலும் நிற்கிறார்கள். துப்பட்டாக்கள் தலைக்கு மேல். ஒருத்தியின் நோட்டை நால்வர் பார்த்து எழுதுகிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் ஆறு கை மாறுகிறது. யாரும் வாய் வைத்துக் குடிக்கவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை. போண்டா பொரிகிறது. வாசனை சாலையைக் கடந்து வருகிறது. மாணவிகள் இரண்டு பேர் கடையைப் பார்க்கிறார்கள். ஒருத்தி பர்ஸைத் திறக்கிறாள், மூடுகிறாள். யாரும் கடக்கவில்லை.

மூவரும் கடைக்குள் நுழைகிறார்கள். ப வடிவில் மூன்று பெஞ்சுகள். ஏழெட்டு ஆண்கள். பேச்சு ஒரு நொடி நிற்கிறது. தங்கை பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் ஒரு சாண் நகர்கிறார். எழவில்லை.

“சக்கரை இல்லாம ஒண்ணு. சாதா ரெண்டு.”

பேச்சு மறுபடி தொடங்குகிறது. முதலில் தணிந்த குரலில். பிறகு வழக்கமான குரலில். உளுந்து விலை. யாரோ ஒருவருடைய மருமகன் சிங்கப்பூர் போனது. கோயில் வரி.

வானொலியில் ஒரு பழைய படப்பாட்டு. பெண் குரல். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுக் குமிழைத் திருகுகிறார்.

“ஆச்சி,” என்கிறார்.

மனோரமா மன்னார்குடியில் பிறந்தவர். தாய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறிய ஊர் பள்ளத்தூர். நாடக மேடைக்குப் போனபோது ஊர்ப்பெயரும் கூடவே போனது. பள்ளத்தூர் பாப்பா. ஆயிரம் படம் தாண்டினார். 2015 அக்டோபரில் காலமானார். இங்கே கடையில் இருக்கும் யாரும் அவரைப் பார்த்ததில்லை. எல்லோரும் நம்மூருப் பிள்ளை என்கிறார்கள்.

தங்கை எதிரே இருப்பவர் மடியைக் காட்டுகிறார்.

“அந்த நடுப்பக்கம் குடுங்கண்ணே.”

செய்தித்தாள் மூன்று கை மாறி வருகிறது. கொடுத்தவர் தங்கையைப் பார்க்கவில்லை. தாளை மட்டும் மடிப்பு நீவிக் கொடுத்திருக்கிறார். தங்கை மூக்குக்கண்ணாடியைப் போடுகிறார். படிக்கிறார். டீ ஆறுகிறது. அவசரம் இல்லை.

டவுன் பஸ் வந்து நிற்கிறது. மாணவிகள் ஏறுகிறார்கள். காதோரம் பேனா வைத்தவர் இறங்கி, கடையில் ஒரு டீயை இரண்டே மடக்கில் குடிக்கிறார்.

“இப்பவாச்சும் ஏறுங்கய்யா. பாதி தூரம் வந்துட்டீகல்ல.”

“பாதிதானே வந்திருக்கோம்,” என்கிறார் தங்கை. கண் செய்தித்தாளில்.

விசில். பஸ் நகர்கிறது. சாலையைக் கடக்காத அந்த இரண்டு மாணவிகளும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பெஞ்சில் தாள் விரித்திருக்கும் பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பஸ் வளைவில் திரும்பும்வரை பார்க்கிறார்கள்.

*

பகல் பன்னிரண்டு. சாலையை விட்டு உள்ளே போகும் மண்பாதை. பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. பாதை நன்றாக மிதிபட்டிருக்கிறது.

கருவேல நிழலில் ஆண்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தவர், குந்தியிருப்பவர், கைபேசியில் மணி பார்ப்பவர். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். கடை நண்பகலில் திறக்கிறது. உள்ளேயிருந்து ஷட்டர் சத்தம். எல்லோரும் ஒன்றாக நடக்கிறார்கள். ஓடவில்லை.

பாதை முனையில் ஒரு பெண் நிற்கிறார். இடுப்பில் குழந்தை. உள்ளே போவோர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். தேடும் முகம் இன்னும் வரவில்லை. குழந்தை கையில் பாதி கடித்த பன்.

தங்கை நிற்கிறார். மஞ்சப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். அந்தப் பெண் குழந்தைக்குக் கொடுக்கிறார். மிச்சத்தைத் தான் குடிக்கிறார். பாட்டில் திரும்பி வருகிறது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

*

ஊருணிப் படித்துறை. அரசமர நிழல். மஞ்சப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலங்கள் வெளியே வருகின்றன. புளிச்சோறு. கருவாடு இல்லை, இன்று வெள்ளிக்கிழமை. வெங்காய வடகம் தனிப் பொட்டலத்தில். நொறுங்கவில்லை.

தொப்பிக்காரர் செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பார்க்கிறார். ஒரு கொப்புளம். தங்கையிடம் காட்டவில்லை. தங்கை பார்த்துவிடுகிறார். பையிலிருந்து பிளாஸ்திரி வருகிறது.

“பஸ் ஏறுவமா?”

“சாயந்தரம் ஏறத்தானே போறோம்.”

*

கானாடுகாத்தான். தெருக்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன. வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை வாசலில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். கதவு பூட்டியிருக்கிறது. கதவே படத்துக்குப் போதும்.

அடுத்த தெருவில் ஒரு வீடு திறந்திருக்கிறது. காவல்காரப் பெரியவர் விளக்குமாற்றோடு நிற்கிறார். மூவரையும் உள்ளே விடுகிறார்.

முகப்பில் உயர்ந்த திண்ணை. அதில் கணக்குப்பிள்ளைகளின் சாய்வு மேசை. வட்டிக்கடைக் கணக்கும் ஊர் நியாயமும் ஆண்களும் இங்கே. உள்ளே வளவு, நடுவில் திறந்த வானம். அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. பெண்களும் நெல்லும் புளியும் ஊறுகாய்ச் சாடியும் அங்கே. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கணக்கெழுதப் போனவர் மூன்று வருஷம் கழித்துத் திரும்புவார். வீட்டை நடத்தியது இரண்டாம் கட்டு. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. போன சொத்து திரும்பவில்லை. வந்த தேக்கு இங்கே நிற்கிறது.

தங்கை இரண்டாம் கட்டுக்குப் போகிறார். ஒரு தூணில் உள்ளங்கையை வைக்கிறார். வழவழப்பு. இடுப்பு உயரத்தில் மட்டும் தூண் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. எத்தனையோ பேர் சாய்ந்து நின்ற இடம்.

“சொந்தக்காரக எப்ப வருவாக?”

“படைப்புக்கு வருவாக. கல்யாணத்துக்கு வருவாக,” என்கிறார் பெரியவர். விளக்குமாறு மறுபடி நகர்கிறது.

*

மூன்றரை மணி. பஸ் நிறுத்தம். எதிரே டீக்கடை. கடையை நடத்துவது ஒரு பெண். நாற்பது வயசிருக்கும். சுங்குடிச் சேலை, முந்தானை இடுப்பில். தரையில் ஆத்தங்குடிக் கற்கள். வேறு வேறு வீட்டு மிச்சம். ஒரு கல்லில் பூ, அடுத்த கல்லில் கட்டம். எதுவும் எதோடும் சேரவில்லை. எல்லாம் மினுங்குகிறது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி வார்த்த கல் அது. காலடி பட்டால் இன்னும் பளபளக்கும்.

“நடந்தா வாறீக? காரைக்குடியிலேருந்தா?”

“ஆமா.”

“நீங்களுமா ஆத்தா?”

“நாந்தான் இவுகளைக் கூட்டிட்டு வந்தேன்.”

கடைக்காரம்மா சிரிக்கிறார். மூன்று கிளாஸுக்குப் பதில் நான்கு கிளாஸ் வைக்கிறார். நான்காவதைத் தான் எடுத்துக்கொண்டு தங்கையின் பக்கத்தில் உட்காருகிறார். முழங்கால் இரண்டையும் தேய்த்துவிடுகிறார். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருவது போலிருக்கிறது.

நிழற்குடையில் நான்கு பெண்கள். நால்வருக்கும் ஒரே நிறச் சேலை. பழைய வீடுகளில் சில இப்போது விடுதிகள். வேலை முடிந்து வந்திருக்கிறார்கள். பகலெல்லாம் அந்தத் திண்ணைகளைத் துடைத்த கைகள். ஒருத்தி கடையைப் பார்க்கிறாள்.

“பஸ் வர இருவது நிமிஷம் ஆகும். வாங்கத்தா. அங்க ஏன் நிக்கிறீக?” என்கிறார் கடைக்காரம்மா.

நால்வரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒருத்தி சாலையில் கால் வைக்கிறாள். மற்றவர்கள் தொடர்கிறார்கள். பெஞ்சில் அண்ணனும் தொப்பிக்காரரும் நகர்கிறார்கள். இடம் போதவில்லை. தொப்பிக்காரர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதில் உட்காருகிறார். அண்ணன் மூலையில் குடையை மடித்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறார்.

ஏழு பேர், ஒரு பெஞ்சு. யாருடைய கிளாஸ் யாருடையது என்று குழப்பம். சக்கரை இல்லாத டீ தவறான கைக்குப் போய், முகம் சுளித்து, திரும்பி வருகிறது. விடுதியில் நேற்று ஒரு வெள்ளைக்காரம்மா கந்தரப்பம் சுடக் கற்றுக்கொண்ட கதை நடக்கிறது. சொல்கிறவள் கையாலேயே மாவை ஊற்றிக் காட்டுகிறாள்.

பஸ் சத்தம். நெற்றியில் இளஞ்சிவப்பு. காதோரம் பேனா.

நடத்துநர் படியிலிருந்து பெஞ்சைப் பார்க்கிறார்.

“இப்ப ஏறுறீகளா?”

“இப்ப ஏறுறோம்.”

கிளாஸ்கள் வாளியில் விழுகின்றன. பணம் கொடுக்க மூன்று கைகள் நீளுகின்றன. கடைக்காரம்மா தங்கையின் கையிலிருந்து மட்டும் வாங்குகிறார்.

பஸ்ஸுக்குள் நடத்துநர் இரண்டு டிக்கெட் கிழிக்கிறார். அப்புறம் ஐந்து கட்டணமில்லாச் சீட்டு. தங்கை தன் சீட்டை மஞ்சப்பையில் நான்காக மடித்த காகிதத்தோடு வைக்கிறார். ஒரு சின்ன நோட்டை எடுக்கிறார்.

“தம்பி, பிள்ளையார்பட்டியிலேருந்து காரைக்குடிக்குச் சாயந்தரம் பஸ் எப்படி?”

“நிறைய இருக்கும்மா. அடுத்து அந்த ரோடா?”

“ஆமா. கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி.”

“குன்றக்குடியில அடிவாரத்துல குடிங்க. பெரிய கடை. நல்லா உக்காரலாம்.”

தங்கை எழுதிக்கொள்கிறார். பின் இருக்கையிலிருந்து விடுதிச் சேலை கட்டியவள் முன்னால் எட்டிப் பார்க்கிறாள்.

“என்னைக்குப் போறீக? ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லீவு.”